மிகத் தொலைவு இலக்குச் சுடுதலுக்கு எந்தத் தோட்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் துப்பாக்கி சுடும் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் பேச்சு தொடங்கிவிட்டால் கேள்விகள் ஒரே மாதிரிதான் வருகின்றன, பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையிலும் சரி, கல்யாணப் பந்தியிலும் சரி, பெர்த்துக்கும் மெல்பர்னுக்கும் படிக்கப் போன பிள்ளைகள் அனுப்பும் குரல் பதிவுகளிலும் சரி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று இதைத் தொகுத்தேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். காகித இலக்கையும் இரும்புத் தகட்டையும் சுடும் விளையாட்டைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு.

தோட்டா, குண்டு, புல்லட் எல்லாம் ஒண்ணுதானே அண்ணே?

இல்லை. தோட்டா என்பது முழுப் பொருள். பித்தளை உறை, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு, இந்த நான்கும் சேர்ந்தது. சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டும். உறை நம் பக்கத்திலேயே தங்கிவிடும்.

பெயரில் வரும் எண் விட்டத்தைக் குறிக்கும். .338 என்றால் 0.338 இன்ச், ஏறக்குறைய 8.6 மில்லிமீட்டர். எடையைக் கிரெயினில் சொல்வார்கள். 300 கிரெயின் குண்டு 19.4 கிராம் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் பெயர்தான் உறையை அடையாளம் காட்டுகிறது. .300 வின்செஸ்டர் மேக்னம், .300 நார்மா மேக்னம், .300 பிஆர்சி மூன்றும் ஒரே விட்டமுள்ள குண்டைத்தான் சுடுகின்றன. ஆனால் ஒன்றுக்கான தோட்டாவை இன்னொன்றின் துப்பாக்கியில் போடவே கூடாது.

எத்தனை மீட்டர்ல இருந்து மிகத் தொலைவுன்னு சொல்வாங்க?

எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே கோடு கிடையாது. போட்டிக்காரர்கள் பொதுவாக 1,500 கஜத்துக்கு மேல், அதாவது ஏறக்குறைய 1,370 மீட்டருக்கு மேல் அப்படிச் சொல்கிறார்கள். எனக்குச் சரியாகப் படும் அளவுகோல் வேறு: குண்டின் வேகம் ஒலியின் வேகத்துக்கு இறங்கும் தூரத்தை நெருங்கிச் சுட ஆரம்பித்தால் அது மிகத் தொலைவு. அந்தக் கணக்கில் .308 வின்செஸ்டருக்கு 1,000 மீட்டரே மிகத் தொலைவு; .375 செய்டாக்குக்கு அது சாதாரணத் தூரம்.

நம்ம நாட்டுல இதையெல்லாம் சுட முடியுமா? ஞாபகத்துக்கு ஒரு தோட்டாவாவது வெச்சிக்கலாமா?

தனியாளாக முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கும் போலீஸ் உரிமம் வேண்டும், தோட்டாவுக்கும் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர் மீது 1971-ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டம் பாயும்; அதில் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான்.

ஞாபகப் பொருள் ஆசை வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுச் சுடுதளத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் முன் பையின் ஒவ்வொரு அறையையும் கவிழ்த்து உதறுங்கள். கால்சட்டைப் பையில் ஒரு தோட்டா மறந்து கிடந்தாலும் விமான நிலையத்தில் அது குற்றம்தான். சுட்ட காலி உறையைக்கூட நான் அங்கேயே விட்டுவிட்டு வருவேன்.

ஆகவே இதெல்லாம் இரண்டு பேருக்குப் பயன்படும். ஒருவர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா போன்ற இடங்களில் அந்தந்த நாட்டுச் சட்டப்படி, உரிமம் உள்ளவரின் பக்கத்தில் இருந்து சுடப் போகிறவர். இன்னொருவர், போட்டிகளைப் பார்த்து விவரம் புரிந்துகொள்ள விரும்புகிறவர். அங்கும் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உதாரணமாக, அமெரிக்காவில்தான் இருக்கிறது கலிபோர்னியா, அங்கே .50 பிஎம்ஜி என்ற பெரிய தோட்டாவைச் சுடும் துப்பாக்கிக்கு 2005-இலிருந்து தடை.

சரி, தேர்வு செய்யறப்ப முதல்ல எதைப் பார்க்கணும்?

குண்டை. பெரும்பாலோர் துப்பாக்கியில் தொடங்கி, அதற்கு என்ன தோட்டா கிடைக்கிறது என்று பார்த்து, கடைசியாகக் குண்டுக்கு வருகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நீங்கள் எட்ட வேண்டிய தூரம் வரை ஒலியை விட வேகமாகப் பறக்கக்கூடிய குண்டு எது? அதை அந்த வேகத்தில் அனுப்ப எவ்வளவு பெரிய உறை வேண்டும்? அந்தத் தோட்டாவைத் தரமாகச் செய்கிறவர்கள் யார், போகிற ஊரில் கிடைக்குமா? இவ்வளவுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் துப்பாக்கி.

காரணம் எளிது. குண்டு குழலை விட்டு வெளியேறிய பிறகு துப்பாக்கியின் விலையும் பெயரும் அதற்குத் தெரியாது. காற்றோடு அது தனியாகப் போராடுகிறது. அங்கே உதவுவது அதன் வடிவம், எடை, வேகம், சுழற்சி, அப்புறம் ஒவ்வொரு குண்டும் முந்தையதைப் போலவே இருப்பது.

பிசி, பிசின்னு பேசறாங்களே, அது என்ன? ஜி1, ஜி7 வேற வருது.

பிசி என்பது காற்றுத்தடையைக் குண்டு எவ்வளவு நன்றாகச் சமாளிக்கிறது என்று சொல்லும் எண். எண் கூடக்கூட வேகம் மெதுவாகக் குறையும், பக்கக் காற்றும் குறைவாகத் தள்ளும். நீளமான, கூரிய மூக்குள்ள, பின்பக்கம் படகு போலக் குறுகிய, விட்டத்துக்கு அதிக எடையுள்ள குண்டுக்கு இந்த எண் கூடுதல்.

ஜி1, ஜி7 இரண்டும் ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட மாதிரி வடிவங்கள். ஜி1 பழைய தட்டையடிக் குண்டு. ஜி7 இன்றைய நீண்ட குண்டுகளைப் போன்றது. அதனால் ஒரே குண்டுக்கு இரண்டு எண்கள் வரும். 140 கிரெயின் 6.5 மி.மீ. போட்டிக் குண்டு ஒன்றுக்கு ஜி1-இல் 0.65-ஐ ஒட்டியும் ஜி7-இல் 0.33-ஐ ஒட்டியும் வரும். விளம்பரத்தில் பெரிய எண்ணாகத் தெரிய ஜி1-ஐத்தான் போடுவார்கள். ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஜி7 தானா என்று பாருங்கள். .308-இன் 175 கிரெயின் போட்டிக் குண்டுக்கு ஜி7 0.24 அளவில், .338-இன் 300 கிரெயின் குண்டுக்கு 0.42 அளவில். அடுத்து வரும் பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை இந்த வித்தியாசம்தான்.

ஒலி வேகத்துக்குக் கீழ போனா குண்டு விழுந்துடுமா?

விழாது, தொடர்ந்து பறக்கும். ஆனால் ஒலியின் வேகத்தைப் போல 1.2 மடங்கிலிருந்து 0.8 மடங்கு வரை இறங்கும் அந்த இடைப்பட்ட கட்டம் கடினமானது. குண்டைச் சுற்றியிருந்த அதிர்வலை இடம் மாறும். காற்றின் அழுத்தம் குண்டின் மேல் விழும் இடமும் மாறும். சில குண்டுகள் லேசாகத் தலையாட்டிவிட்டு நேராகிவிடும். சிலவற்றில் அந்த ஆட்டம் பெருகி, எங்கே போகும் என்றே சொல்ல முடியாமல் போகும். அதே தோட்டாவைக் கொண்டு ஒருவர் தாண்டுகிறார், இன்னொருவரால் முடியவில்லை என்றால் குண்டைச் சுழலவிடும் குழலின் உள்வரியிலும் குண்டின் வடிவத்திலும் உள்ள சிறு வேறுபாடுகள்தான் பெரும்பாலும் காரணம்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணை நிலத்தில், சுடுகிறவரின் தலைக்கு நேர் பின்னால் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் நடுங்கும் காற்றின் நடுவே குண்டு போன வழி ஒரு மெல்லிய சுருக்கமாக மேலேறி, வளைந்து, இலக்கை நோக்கி இறங்கியது. 1,500 மீட்டரில் இருந்த தகடு அசைந்து, அதன்மேல் ஒரு சாம்பல் புள்ளி விழுந்தது. டிங் என்ற சத்தம் எங்கள் காதுக்கு வர அதற்குப் பிறகும் நான்கு நொடிக்கு மேல் ஆனது. சத்தத்துக்காகக் காத்திருந்த அந்த நேரத்தில் காற்று திசை மாறிவிட்டது.

.308 போதாதா சார்? பட்டாளத்துல அதைத்தானே வெச்சிருந்தாங்க.

கற்றுக்கொள்ளப் போதும், மிகத் தொலைவுக்குப் போதாது. 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் நல்ல தோட்டா. குழல் நீண்ட நாள் உழைக்கும், சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதை மிதம், உலகம் முழுக்கக் கிடைக்கும். ஆனால் 175 கிரெயின் குண்டை நொடிக்கு 790 மீட்டர் வேகத்தில் விட்டால், கடல் மட்டத்தில் 900 மீட்டரைத் தாண்டி 1,000-ஐ ஒட்டிய இடத்தில் ஒலி வேகத்துக்கு வந்துவிடும். காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிடக் கண்டிப்பான ஆசிரியர் இல்லை என்று சொல்வார்கள், அது உண்மைதான்.

அப்போ எல்லாரும் ஏன் 6.5 கிரீட்மூர் பின்னாலயே போறாங்க?

ஹார்னடி நிறுவனம் 2007-இல் அறிமுகப்படுத்திய இந்தத் தோட்டாவில் உறை .308-ஐவிடச் சற்றுக் குட்டை. அதனால் நீண்ட குண்டை ஆழமாக உள்ளே அமுக்காமலேயே .308 அளவு மேகசினில், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில், அடக்கலாம். 140 கிரெயின் குண்டு நொடிக்கு 825 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. எடை குறைவு, உதை குறைவு, ஆனால் பிசி கூடுதல். கடல் மட்டத்தில் 1,200 மீட்டரை ஒட்டி ஒலி வேகத்துக்கு மேலேயே இருக்கும்.

பக்கக் காற்றில் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1,000 மீட்டரில், நொடிக்கு 1 மீட்டர் பக்கக் காற்று .308 குண்டை 60 சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளும், 6.5 கிரீட்மூர் குண்டை 45 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தள்ளும். கடையில் கிடைக்கும் போட்டித் தோட்டாவின் தரமும் நன்றாக இருக்கிறது. முதல் துப்பாக்கிக்கு இதைச் சொல்ல நான் தயங்குவதே இல்லை. ஆனாலும் 1,500 மீட்டர் என்று வந்தால் இது நம்பி எடுக்கும் தோட்டா அல்ல.

.300-லயும் .338-லயும் எது நல்லது? .338 லாப்புவாதான் ராஜான்னு தம்பி சொல்றான்.

.338 லாப்புவா மேக்னம் 1980-களில் அமெரிக்காவில் தொடங்கி பின்லாந்தில் முழுமையானது. 1989-இல் ஐரோப்பிய தரப்பதிவு பெற்றது. 300 கிரெயின் குண்டை நொடிக்கு 830 மீட்டர் அளவில் அனுப்பும். 1,500 மீட்டர் வரை இது ஒலி வேகத்துக்கு மேலேயே பறக்கும். தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இன்று அதன் பக்கத்திலேயே .300 நார்மா மேக்னம் நிற்கிறது. இதில் 230 கிரெயின் குண்டு நொடிக்கு 900 மீட்டரைத் தாண்டும். பறக்கும் விதத்தில் .338-க்குச் சமமாக நிற்கிறது, உதை குறைவு. ஹார்னடியின் .300 பிஆர்சி அடுத்த படி. கடைத் தோட்டா எளிதாகக் கிடைப்பது அதன் பலம். 1963-இல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னமும் சுடும், ஆனால் அதன் கழுத்தும் மேகசின் நீளமும் இன்றைய நீண்ட குண்டுகளை நினைத்து அமைத்தவை அல்ல. தொழிற்சாலைத் தோட்டாவை மட்டும் நம்பி 1,500 மீட்டர் சுடப் போகிறீர்கள் என்றால் .300 பிஆர்சி அல்லது .338 எடுங்கள். உதை தாங்காத உடம்பு என்றால் முதலாவது.

.50 இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு? பெருசு பெருசுதானே!

.50 பிஎம்ஜி ஜான் பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிக்காக உருவாக்கிய தோட்டா. 1921-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றது. ராணுவத்துக்காக மலிவாக, மொத்தமாகச் செய்த சாதாரண .50 தோட்டாக்கள் ஒரு பரப்பில் விழுந்தால் போதும் என்று செய்தவை. அவற்றை வைத்து ஒரு மைலில் ஒரே தகட்டைத் திரும்பத் திரும்பத் தொட நினைப்பது வீண்.

750 கிரெயின் போட்டிக் குண்டு போட்டுக் கவனமாகச் செய்த .50 வேறு கதை. அது நன்றாகவே பறக்கும். ஆனால் அதே வேலையை .375, .416 குண்டுகள் குறைந்த உதையில், குறைந்த மருந்தில் செய்கின்றன. எடைக்கு ஏற்ற மெலிவு அவற்றில் கூடுதல். விட்டம் பெரிதானால் காற்றை முட்டும் முகமும் பெரிதாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ரெண்டு மைல் போட்டியில என்ன தோட்டா வெச்சு சுடறாங்க?

அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் ராட்டோன் அருகே விட்டிங்டன் மையத்தில் நடந்து புகழ்பெற்ற 'கிங் ஆஃப் டூ மைல்ஸ்' போட்டியைத்தான் கேட்கிறீர்கள். இரண்டு மைல் என்றால் 3,219 மீட்டர். அங்கே முன்னணியில் நிற்பவை .375 செய்டாக் குடும்பமும் .416 பேரட் குடும்பமும். செய்டாக் உறையின் மூதாதை .505 கிப்ஸ் என்ற பழைய வேட்டைத் தோட்டா, பேரட் உறை .50 பிஎம்ஜியைக் குறுக்கிச் செய்தது. குண்டுகள் பெரும்பாலும் செம்பிலோ பித்தளையிலோ ஒவ்வொன்றாகக் கடைசல் எந்திரத்தில் கடைந்தவை.

2022 செப்டம்பரில் வயோமிங்கில் ஒரு குழு .416 பேரட்டால் 7,774 கஜத்தில், அதாவது 7.1 கிலோமீட்டரில் இருந்த இலக்கைத் தொட்டது. செய்தியைப் பகிர்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: தொட்டது 69-ஆவது குண்டு. அந்த உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் அந்தத் தூரத்தில் அந்தத் தோட்டா குறி தவறாது என்று அதற்கு அர்த்தம் இல்லை. தோட்டாவைத் தேர்வு செய்யச் சாதனைச் செய்தியைப் பார்க்காதீர்கள். முதல் குண்டிலேயே எத்தனை பேர் தொட்டார்கள் என்று போட்டி முடிவுகளில் பாருங்கள்.

கனமான குண்டு வாங்கினேன், குறுக்கால விழுது. தோட்டா மோசமா?

ஆக்லாந்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டது. காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதில் சாவித்துளை போல நீண்ட ஓட்டை விழுந்திருந்தால் குண்டு நிலைத்துச் சுழலவில்லை என்று பொருள். குழலின் உள்ளே உள்ள சுழல்வரி எத்தனை இன்ச்சில் ஒரு சுற்று முடிகிறது என்று பாருங்கள். குண்டு நீளமாக ஆக, சுற்று வேகமாக வேண்டும். 6.5 கிரீட்மூருக்கு 8 இன்ச்சில் ஒரு சுற்று வழக்கம். பழைய சில .338 துப்பாக்கிகளில் 12 இன்ச் இருக்கும். அது 250 கிரெயினுக்குச் சரி, 300 கிரெயினுக்கு 10 இன்ச்சோ அதைவிட வேகமாகவோ வேண்டும். பழைய துப்பாக்கி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கடைத் தோட்டாவே போதுமா, இல்ல கையால நிரப்பணுமா?

1,000 மீட்டர் வரை நல்ல போட்டித் தோட்டா போதும். அதற்கு மேல் வேகத்தின் ஒற்றுமைதான் எல்லாம். ஒரு கணக்கு பாருங்கள். .338-இன் 300 கிரெயின் குண்டு 1,500 மீட்டரில் ஏறக்குறைய 25 மீட்டர் தாழ்ந்துவிடும். கிளம்பும் வேகம் ஒரு சதவீதம், அதாவது நொடிக்கு 8 மீட்டர் குறைந்தால் தாழ்வு 2 சதவீதம் கூடும். அரை மீட்டர்! குறி சரியாக இருந்தும் குண்டு தகட்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பும்.

அதனால்தான் அந்த நாடுகளில் சட்டப்படி செய்கிறவர்கள் மருந்தை நுண்ணிய தராசில் நிறுத்து, உறைகளை எடை பார்த்துப் பிரித்து, வேகமானியில் ஒவ்வொரு சுடுதலையும் எழுதி வைக்கிறார்கள். இதைக் காணொளி பார்த்துக் கற்க முடியாது. அனுபவசாலியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும். மலேசியாவில் இருப்பவர்களுக்கு மூன்றாவது கேள்வியின் பதிலே பதில்.

செலவு எவ்வளவு ஆகும்? உண்மையைச் சொல்லுங்க.

.338 தோட்டா ஒன்றின் விலைக்கு 6.5 கிரீட்மூர் தோட்டா மூன்று நான்கு வாங்கலாம். .375, .416 அதற்கும் மேல். ஆனால் பலரும் கணக்கில் சேர்க்காதது குழல். .308 குழல் 5,000 குண்டு அளவுக்கு நல்ல துல்லியத்தோடு உழைக்கும். 6.5 கிரீட்மூரில் 2,000 முதல் 3,000. .300 மேக்னம்களில் 1,500-ஐ ஒட்டி. பெரிய செய்டாக், பேரட் உறைகளில் 1,000-ஐத் தாண்டுவதே நல்லது. குறுகிய குழலுக்குள் அதிக மருந்து எரிந்தால் குழலின் தொண்டை, அதாவது குண்டு குழலுக்குள் நுழையும் இடம், சீக்கிரம் அரிபட்டுவிடும். குழல் தேயத் தேயப் பயிற்சியும் சுருங்கும். பயிற்சி செய்ய முடியாத தோட்டா எவ்வளவு சிறந்ததாக இருந்து என்ன பயன்?

உதை தாங்க முடியுமா அக்கா மாதிரி ஆளுங்களுக்கு?

தாராளமாக. படுத்துச் சுடும்போது துப்பாக்கியின் எடையும் குழலின் முகப்பில் இருக்கும், வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் மசில் பிரேக்கும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். பிரேக்கின் விலை சத்தம்; காதுக்குள் அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும் போடுங்கள். உதையை எதிர்பார்த்துக் கண் சிமிட்டுகிறோமா என்பதுதான் பார்க்க வேண்டியது. அப்படி இருந்தால் பெரிய தோட்டாவை ஒதுக்கிவிட்டு 6.5-க்கு வாருங்கள். அங்கே பழகிய கை பிறகு .300-ஐத் தாங்கும்.

நம்ம ஊரு காத்து ஈரம், கனம். குண்டு சீக்கிரம் மந்தமாகிடாதா?

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் நேர்மாறு. நீராவி உலர்ந்த காற்றைவிட லேசானது. 32 பாகை வெயிலில், நல்ல ஈரப்பதத்தில், காற்றின் அடர்த்தி ஈரத்தால் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் குறைகிறது. வெப்பத்தின் பங்கு இன்னும் பெரிது: 15 பாகையிலிருந்து 32-க்குப் போனால் அடர்த்தி ஐந்தரை சதவீதம் அளவில் இறங்கும். ஆக, நம் ஊர்க் காற்றில் குண்டு கொஞ்சம் எளிதாகவே போகும்.

உயரம்தான் உண்மையான பெரிய வித்தியாசம். மேலே சொன்ன ராட்டோன் சுடுதளம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிவு. அங்கே ஒருவர் .338-ஆல் இவ்வளவு தூரம் தொட்டேன் என்று சொன்னால், கடற்கரையோரச் சுடுதளத்தில் அதே எண்ணை எதிர்பார்க்காதீர்கள். வெயிலைப் பற்றி இன்னொன்று: தோட்டாப் பெட்டியை நிழலில் வையுங்கள். சூடான மருந்து வேகமாக எரியும், அப்போது வேகத்தின் ஒற்றுமை போய்விடும்.

நல்ல தோட்டா வாங்கிட்டா காத்தைப் பத்திக் கவலை வேணாம்தானே?

வேண்டும். 1,500 மீட்டரில் .338 குண்டு இரண்டரை நொடிக்கு மேல் பறக்கிறது. காற்றுத்தடையே இல்லாவிட்டால் 1.8 நொடி போதும். அந்த 0.8 நொடித் தாமதத்தைக் காற்றின் வேகத்தோடு பெருக்கினால் பக்கவாட்டு நகர்வு வந்துவிடும். நொடிக்கு 1 மீட்டர் தப்பாகக் கணித்தால் 80 சென்டிமீட்டர் தள்ளி விழும். 1 மீட்டர் காற்று என்பது முகத்தில் அரைகுறையாக உணரும் அளவுதான். நல்ல தோட்டா அந்தத் தாமதத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

பூமி சுத்தறதையும் கணக்குல எடுக்கணுமாமே? நாம பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருக்கோமே?

ரசித்த கேள்வி. பக்கவாட்டில் குண்டை விலக்கும் பங்கு நம் அட்சரேகையைப் பொறுத்தது. கோலாலம்பூர் வடக்கே 3 பாகையில் இருப்பதால், 1,500 மீட்டரில் அது ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான், மறந்துவிடலாம். நியூ மெக்சிகோவில் அதே சுடுதலுக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டும்.

ஆனால் மேல்கீழ் விலகல் பூமத்திய ரேகையில்தான் உச்சம். கிழக்கே சுட்டால் குண்டு உயரே விழும், மேற்கே சுட்டால் தாழ விழும். 1,500 மீட்டரில் ஒரு சாணுக்கு மேல் வரும். வடக்கு தெற்காகச் சுட்டால் இது இல்லை. தோட்டாவைப் பொறுத்தவரை இதற்கும் பறக்கும் நேரம்தான் கணக்கு: சீக்கிரம் சேரும் குண்டு குறைவாக விலகும்.

கைப்பேசியில கணக்குப் போடற செயலி இருக்கே, அது பாத்துக்காதா?

பார்த்துக்கொள்ளும், நாம் சரியான எண்களைக் கொடுத்தால். பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் போடாதீர்கள். அது வேறு நீளக் குழலில் அளந்தது. உங்கள் துப்பாக்கியில் வேகமானி வைத்து அளந்ததைப் போடுங்கள். பிசிக்கு ஜி7-ஐயோ, ரேடாரில் அளந்த தடைப் பட்டியலையோ பயன்படுத்துங்கள். ஒலி வேகத்தை நெருங்கும் தூரத்தில் எந்தச் செயலியின் கணக்கும் தளரும். காரணம் ஆறாவது பதிலில் இருக்கிறது.

வாங்கும் முன்னும் செயலி உதவும். இரண்டு தோட்டாக்களின் எண்களைப் போட்டு, நீங்கள் சுடப்போகும் தூரத்தில் மீதமுள்ள வேகத்தையும் காற்று விலகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத நல்ல பாடம். ஸ்கோப்பின் ஏற்றமும் அப்போதே தெரியும்: 1,500 மீட்டருக்கு 17 மில் (ஸ்கோப்பைத் திருகும் கோண அளவு) தேவை என்று வந்தால் உங்கள் ஸ்கோப் அவ்வளவு திருகுமா, அதற்கு அடியில் சாய்வாக அமைந்த சரிவுத் தண்டு போட வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளலாம்.

என் மகனுக்கு ஆசை. கோலாலம்பூர்லயே எங்க ஆரம்பிக்கறது அங்கிள்?

சுபாங் தேசிய சுடுதளத்தில். 2017 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியின் துப்பாக்கி சுடுதல் நடந்த இடம். சங்கத்தின் வழியாக, சட்டத்துக்கு உட்பட்டு, 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தொடங்கி 50 மீட்டர் .22-க்குப் போகலாம். எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுட்ட நம் நூர் சூரியானி தைபி வந்ததும் இந்த 10 மீட்டர் வழியாகத்தான்.

50 மீட்டரா, அது எதற்கு என்று பையன் முகம் சுளிப்பான். 50 மீட்டர் இலக்கின் 10 புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். நொடிக்கு 1 மீட்டர் பக்கக் காற்றே .22 குண்டை அரை சென்டிமீட்டர் அளவுக்கு நகர்த்திவிடும். கொடி எப்படி ஆடுகிறது, எப்போது விசையை அழுத்தாமல் காத்திருப்பது, மூச்சை எங்கே நிறுத்துவது, இதெல்லாம் அங்கேயே படிந்துவிடும். அப்படிப் பழகிய பிள்ளை பின்னாளில் பெர்த்திலோ டர்பனிலோ .300 பின்னால் படுக்கும்போது புதிதாகக் கற்க வேண்டியது குறைவு.

எல்லாம் சரி. ஒரே ஒரு தோட்டா சொல்லுங்கன்னா எதைச் சொல்வீங்க?

எவ்வளவு தூரம் என்று முதலில் நான் கேட்பேன். 1,200 மீட்டருக்குள் என்றால் 6.5 கிரீட்மூர், இரண்டாம் பேச்சில்லை. 1,500-ஐ ஒட்டி என்றால் .300 பிஆர்சி, கையால் நிரப்பத் தெரிந்த நண்பர் பக்கத்தில் இருந்தால் .300 நார்மா. இரண்டு கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் .375 செய்டாக் வகை. ஆனால் அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருக்கும் குழுவோடு ஒரு பருவம் ஸ்பாட்டராக உட்காருங்கள். காற்றைச் சொல்லி, குண்டு விழுந்த இடத்தைச் சொல்லி, வேகமானிக் குறிப்பு எழுதுங்கள். அந்தப் பருவம் முடியும்போது எந்தக் குண்டு, எந்த உறை என்பதை நீங்களே எனக்குச் சொல்வீர்கள்.